தாயில்லாப் பிள்ளையின் கல்யாணம்

இங்கிலாந்து அரச குடும்பத்தில் ஒரு கல்யாணம் வந்தாலே நம்ம ஆட்கள் இணையத்தில் ஒரே மாதிரி எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். நம்மை ஆண்டவன் வீட்டுக் கல்யாணத்தை வாயைப் பிளந்து பார்க்கிறீர்களே, வெட்கமாக இல்லையா, அடிமைப் புத்தி இன்னும் போகவில்லையா, வீட்டில் வேறு வேலை இல்லையா. இந்தக் கடைசிக் கேள்வி எப்போதும் பெண்களைப் பார்த்துத்தான் வரும். படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கல்யாணங்களை டிவியில் பார்த்த பெண்களோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவள் நான். அவர்கள் எதைப் பார்த்தார்கள், என்ன கேட்டார்கள், எந்த இடத்தில் கண் கலங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது வீட்டு மூத்தவர்கள் என்னென்ன விசாரிப்பார்களோ அதையெல்லாம் விசாரித்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீடு தக்கலைப் பக்கம். பத்மநாபபுரம் கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டது, அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. களியக்காவிளை தாண்டினால் மலையாளம். பேச்சிலும் சாப்பாட்டிலும் கல்யாண முறையிலும் இரண்டும் கலந்து கிடக்கிற ஊர். ராஜாவும் ராணியும் எங்களுக்குக் கதையில் வருகிறவர்கள் இல்லை, பாட்டி காலத்துக்கு அவர்கள் நடப்பு.

2011 ஏப்ரல் 29, வெள்ளிக்கிழமை. லண்டனில் காலை 11 மணிக்கு இளவரசர் வில்லியமுக்கும் கேட் மிடில்டனுக்கும் கல்யாணம், இங்கே மதியம் மூன்றரை. நல்ல வெயில். முன்னறையில் பாட்டி, அம்மா, அப்பாவின் தங்கையான மாமி, அடுத்த வீட்டு டீச்சர், அப்புறம் நான். இங்கிலீஷ் வர்ணனையை இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மாமா ஒருத்தர் திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார், உள்ளே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏன் உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1981 ஜூலையில் வில்லியமின் அம்மா டயானாவுக்கும் சார்லஸுக்கும் கல்யாணம் நடந்தபோது எங்கள் பக்கம் டிவி கிடையாது. உலகம் முழுக்க 75 கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்லப்படும் அந்தக் கல்யாணத்தை எங்கள் வீட்டுப் பெண்கள் வாரப் பத்திரிகைப் படங்களில்தான் பார்த்தார்கள். படிக்கட்டு முழுக்க 25 அடிக்கு உடை விரிந்து கிடந்த அந்தப் படம் மாமிக்கு இன்றும் மனசில் இருக்கிறது. டிவியில் அவர்கள் முதன்முதலில் பார்த்தது அவளுடைய சவ ஊர்வலத்தை. 1997 செப்டம்பர் 6. முந்தின நாள்தான் கல்கத்தாவில் அன்னை தெரசா இறந்திருந்தார், அந்த வாரம் முழுக்க டிவியில் சாவு. பெட்டிக்குப் பின்னால் இரண்டு பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள், பெரியவனுக்கு 15 வயசு, சின்னவனுக்கு 12. பெட்டியின் மேல் வெள்ளைப் பூவும், 'மம்மி' என்று கையால் எழுதிய ஒரு உறையும் இருந்தன. அந்த உறையைப் பார்த்ததும் அடுக்களைக்குள் போய் அழுததாக மாமி சொல்வாள்.

ஆக 2011-ல் எங்கள் வீட்டில் யாரும் இளவரசர் கல்யாணம் என்று உட்காரவில்லை. "அன்னைக்குப் பெட்டிக்குப் பொறத்தால நடந்தானே, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாக்கும்" என்றுதான் பாட்டியிடம் மாமி சொன்னாள். பாட்டிக்கு அது போதுமாக இருந்தது. முகம் கழுவி, நல்ல புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பெண் காரிலிருந்து இறங்கினாள். உடையைப் பற்றி வர்ணனையாளர்கள் பத்து நிமிஷம் பேசினார்கள், எங்கள் அறையில் யாரும் அதைக் கேட்கவில்லை. பாட்டி முன்னால் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "எம்மோ, கழுத்துல ஒண்ணுமே இல்லியே! ராசா வீட்டுக்குப் போற பெண்ணு, ஒரு சங்கிலி கூடவா கெடைக்கல்ல?" என்றாள். உண்மைதான், கேட் அன்று கழுத்தில் எதுவும் போடவில்லை. தலையில் இருந்த கிரீடம் 1936-ல் செய்தது, ராணி எலிசபெத் அன்றைக்கு மட்டும் கொடுத்தது. இதை நான் சொன்னதும் அறை ஒரு கணம் அடங்கிவிட்டது. இரவல் நகை என்றால் என்ன என்று எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கா நகையைத் தங்கைக்குப் போட்டு மேடையேற்றி, மறுவீடு முடிந்ததும் கழற்றி வாங்கி, அதில் ஒரு வளையல் குறைந்து, அதனால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு. காதில் கிடந்த தோடு மட்டும் அவளைப் பெற்றவர்கள் செய்து கொடுத்தது என்று நான் அடுத்ததாகச் சொன்னபோது பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது போதும். அதாக்கும் அவளுக்கச் சொந்தம். மத்ததெல்லாம் எப்பம் வேணும்னாலும் திருப்பிக் கேப்பாவ."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதை எழுதுகிறேன் என்று கூடச் சொல்லலாம். அன்று எந்த வர்ணனையாளரும் அப்படி ஒரு பார்வை பார்க்கவில்லை.

அப்புறம் வயசு. பெண் 1982 ஜனவரியில் பிறந்தவள், மாப்பிள்ளை அதே வருஷம் ஜூன். "மூப்பா?" என்று மாமியும் அம்மாவும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். எங்கள் சொந்தத்தில் பெண் சில மாதம் மூப்பு என்று தெரிந்து நின்றுபோன சம்பந்தம் ஒன்று உண்டு. எல்லாம் பேசி முடித்து, பத்திரிகை அடிக்கப் போகிற நேரத்தில் ஜாதகத்தைத் திரும்பப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். அம்மா அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, "இதப் பாத்தாவளா, ராசா வீட்டிலயே கெட்டுகாவ" என்றாள். அறையில் இருந்த எல்லாருக்கும் அந்தப் பெண்ணைத் தெரியும், அவளுக்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார்கள். டயானாவுக்குக் கல்யாணத்தன்று 20 வயசு, சார்லஸுக்கு 32. அன்றைக்கு அந்த வித்தியாசத்தை யாரும் குறையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், எங்கள் ஊரில் அது சாதாரணம். இதை டீச்சர்தான் எடுத்துச் சொன்னார். பன்னிரண்டு வயசு வித்தியாசம் பொருத்தம், அஞ்சு மாசம் பொருத்தமில்லையா என்று கேட்டார். பதில் வரவில்லை.

சீதனம் எவ்வளவு என்ற கேள்வி வராமல் இருக்குமா? வந்தது. அப்படி ஒன்றும் கிடையாது, கல்யாணச் செலவை அரச குடும்பம் பார்க்கிறது, பெண்ணைப் பெற்றவர்களும் ஒரு பங்கு போடுகிறார்கள், போலீஸ் பாதுகாப்புச் செலவு அரசாங்கத்துடையது என்று விளக்கினேன். பெண்ணின் அம்மா ஒருகாலத்தில் விமானப் பணிப்பெண், அவருடைய முன்னோர்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், இப்போது பெற்றவர்கள் இரண்டு பேரும் விருந்துக்கான சாமான்கள் விற்கும் வியாபாரம் செய்கிறார்கள் என்றும் சொன்னேன். "அவளுக்க அம்மை எங்க இருக்கா, காட்டுவானா?" என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தாள். கேமரா ராணியைக் காட்டினால் அவளுக்குப் பொறுமை போய்விடும். அம்மைதான் வேண்டும். ஒரு தடவை காட்டியபோது, "அழல்ல. தைரியசாலி" என்றாள்.

கோயிலுக்குள் இரண்டு பக்கமும் உயிருள்ள மரங்களை வரிசையாக வைத்திருந்தார்கள், மொத்தம் எட்டு மரம். நாம் பந்தக்காலில் வாழை கட்டுவது போல என்று அம்மா சொன்னாள், எல்லாருக்கும் அது ரொம்பப் பிடித்துவிட்டது.

டீச்சர் சி.எஸ்.ஐ. சபைக்காரர். லண்டன் மிஷன் வேர்விட்ட மாவட்டம் இது, அவருக்கு என் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதை அவர் முன்கூட்டியே சொல்ல, டிவியில் அது நடந்தது. "இப்பம் தடை உண்டான்னு கேப்பாவ. எங்க சபையில ஓலை வாசிக்கும்போதும் கேப்பாவ, கல்யாணத்தன்னைக்கும் ஒருக்கா கேப்பாவ." ஓலை என்றால் சபையில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு. கேட்டார்கள். "இப்பம் கையைப் பிடிச்சு வாக்குக் குடுப்பாவ." கொடுத்தார்கள். பாட்டிக்கு இது பெரிய ஆச்சரியம், வெள்ளைக்கார ராஜாவின் கல்யாணமும் டீச்சர் மகள் கல்யாணமும் ஒரே முறை என்பதில் டீச்சர் மேல் அவளுக்கு மரியாதையே கூடிவிட்டது. வாக்குறுதி முடிந்ததும் டீச்சர் திரும்பி எங்களைப் பார்த்தார். "கவனிச்சியளா? கீழ்ப்படிவேன்னு அவ சொல்லல்ல." பின்னே என்ன சொன்னாள் என்று அம்மா கேட்டாள். நேசிப்பேன், தேற்றுவேன், கனம்பண்ணுவேன், காப்பேன். 1981-ல் டயானாவும் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுத்தான் வாக்குக் கொடுத்தாள் என்று டீச்சர் சொன்னார்.

மோதிரம் விரலில் ஏறவில்லை. கொஞ்சம் அழுத்தித் தள்ளித்தான் போட்டார் வில்லியம். "கேறல்ல, கேறல்ல" என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம், ஏறியதும் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு மோதிரம் கிடையாது, அவர் போட்டுக்கொள்ளப் போவதில்லை என்று முன்பே அறிவித்திருந்தார்கள். "கெட்டினதுக்கு அடையாளம் பெண்ணுக்கு மட்டும்தானா, அங்கயுமா?" என்று அம்மா கேட்டாள். இதுக்கும் பதில் இல்லை.

ஆனால் அன்றைய பெரிய விவாதம் இன்னொரு மோதிரத்தைப் பற்றியது. நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட நீலக்கல் மோதிரம். 12 காரட் நீலம், சுற்றிலும் 14 வைரம். அது டயானாவின் மோதிரம். அம்மா இந்த நாளையும் இந்தச் சந்தோஷத்தையும் தவறவிடக் கூடாது என்பதற்காக அதைக் கொடுத்தேன் என்று வில்லியம் 2010 நவம்பரில் நிச்சயத்தை அறிவித்த அன்றே சொல்லியிருந்தார். நான் இதைச் சொன்னதும் மாமி கலங்கிவிட்டாள். பாட்டி கலங்கவில்லை, பயந்தாள். "நீலக்கல்லா? நீலம் எல்லாருக்கும் ஒத்துவராது மக்களே. ஒத்துவராட்டா ஆளையே முடிச்சிரும். அந்தப் பிள்ளைய முடிச்சிட்டே, பத்தாதா?" நீலம் சனிக்குரிய கல், மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்து, கெட்ட கனவு வராவிட்டால்தான் அணிய வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதோடு வாழாமல் போனவளின் மோதிரத்தை வாழப் போகிறவளுக்குப் போடலாமா என்பது இன்னொன்று. மாமி ஒத்துக்கொள்ளவே இல்லை. செத்துப்போன தாயின் நகை மருமகளுக்குத்தானே போக வேண்டும், வேறே யாருக்குப் போகும், உயிரோடு இருந்தால் அவளே கையால் போட்டுவிட்டிருப்பாளே என்றாள். டீச்சர் கல்லில் ஒன்றுமில்லை, மனுஷரில்தான் எல்லாம் என்றார். இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே கோயிலில் பாட்டு முடிந்து எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், நாங்கள் பாதியைப் பார்க்கவில்லை.

நான் மாமி பக்கம். ஆனால் பாட்டியின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. அவள் கல்லைப் பார்த்துப் பயந்தாலும் அந்தப் பயத்துக்குள் இருந்த கேள்வி சரியானது. அந்த வீட்டுக்குள் முதலில் போன பெண்ணுக்கு என்ன ஆச்சு? இந்தப் பெண்ணுக்கும் அது ஆகாது என்று யார் உத்தரவாதம்?

ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும்போது பாட்டி கேட்ட கேள்வி எனக்கு இன்னும் முக்கியம். "அப்பம் இவ ராணி ஆவாளா?" மாப்பிள்ளையின் அப்பா ராஜாவாகி, அவருக்குப் பிறகு இவர் ராஜாவானால் இவள் ராணி என்றேன். "ராசாவுக்கப் பெஞ்சாதியா ராணி?" என்று திரும்பக் கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. திருவிதாங்கூரில் ராஜாவின் மனைவி ராணி கிடையாது. ராஜாவின் அம்மாவோ அக்கா தங்கையோதான் ராணி. பட்டம் சகோதரியின் மகனுக்குப் போகும். ராஜா கட்டிய பெண்ணுக்கு அம்மச்சி என்று பெயர், அவளுக்கு அரண்மனையில் இடமில்லை, அம்மவீடு என்கிற தனி வீட்டில் இருப்பாள், ராஜாவோடு ஊர் பார்க்க வெளியே வருவதில்லை. அவளுடைய மகன்கள் தம்பி, மகள்கள் தங்கச்சி, பட்டத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த நாலு அம்மவீடுகளின் பெயரைப் பாருங்கள்: அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. எல்லாம் எங்கள் ஊர்கள். சுவாதித் திருநாள் கட்டிய நாராயணிப் பிள்ளை திருவட்டாறு அம்மவீட்டைச் சேர்ந்தவர். கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆக, பாட்டி கேட்டு வளர்ந்த கதைகளில் ராஜாவைக் கட்டியதால் ஒருத்தி ராணியானாள் என்பது நடக்காத காரியம். பத்மநாபபுரம் அரண்மனையிலேயே மிகப் பழைய கட்டடத்துக்குப் பெயர் தாய்க் கொட்டாரம்.

இதைச் சொல்வதால் மருமக்கள் வழி சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. நாஞ்சில் நாட்டில் சொத்தெல்லாம் மருமகனுக்குப் போக, கட்டியவளும் பெற்ற பிள்ளைகளும் பட்ட பாட்டைக் கவிமணி பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார். 1926-ல் சட்டம் வந்துதான் அது மாறியது. அம்மச்சிகளின் வாழ்க்கையும் பெருமைப்படுகிற மாதிரி இல்லை. ஆனால் இப்படி ஒரு மண்ணில் இருந்து பார்க்கிற கண்ணுக்கு, கேட் என்கிற பெண் என்ன பெறுகிறாள், எதை விட்டுவிட்டு வருகிறாள் என்பது இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தது. பாட்டி சொன்னாள்: "ராணிப் பட்டம் கிட்டும். ஆனா பொறந்த வீட்டுக்கு இனி நெனைச்சப்பம் போவ முடியாதே." அதே வருஷம் அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கூடிய, எலிசபெத்தையே ராணியாகக் கொண்ட 16 நாடுகளின் தலைவர்கள், மூத்தது பெண்ணாக இருந்தாலும் பட்டம் அவளுக்கே என்று முடிவெடுத்தார்கள். 2018-ல் தம்பி லூயி பிறந்தும் கேட்டின் மகள் சார்லட்டின் இடம் மாறாமல் இருப்பது அதனால்தான். பாட்டி கேட்டிருந்தால் இதுக்கு இவ்வளவு நாளா என்றிருப்பாள்.

பால்கனிக்கு வருகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. டீச்சர் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, பாட்டியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடினோம். முத்தத்தைப் பார்த்து யாரும் வெட்கப்படவில்லை, எல்லாருடைய கண்ணும் அங்கிருந்த சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்த மூன்று வயசுக் குழந்தை மேல்தான் இருந்தது.

இனி மாமா. அவர் சரித்திரம் நிறையப் படித்தவர். திண்ணையிலிருந்தே சொன்னார்: "வேலுத்தம்பி தலக்குளத்துக்காரர், நம்ம ஊரு. செத்த பெறகும் அவருக்க உடம்பக் கொண்டுபோய்க் கண்ணம்மூலையில தூக்குல போட்டவனுவளுக்கக் கல்யாணத்தையாக்கும் பாக்கிய." இங்கிலீஷ்காரர்களை எதிர்த்த திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பிக்கு 1809-ல் நடந்தது அது. மாமா சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. அந்தக் கொடுமையை மறக்கச் சொல்கிற ஆள் நான் இல்லை. அந்த நகைகளில் எது எங்கிருந்து போனது என்று கேட்க வேண்டியதுதான், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் மாமா ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் புறப்படுகிற ஊர்வலத்தைப் பார்க்கப் போவார். தேவாரக்கெட்டுச் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் போகிற ஊர்வலம். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுக்கிற சடங்கு நடக்கும், களியக்காவிளையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை கொடுக்கும். ராஜாக்கள் வரி போட்டு, முலைக்கரம் வாங்கி, ஜாதி பார்த்து எங்கள் மக்களைப் படுத்திய பாடு மாமாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர் வாளுக்காகப் போகவில்லை, சரஸ்வதிக்காகப் போகிறார். சின்ன வயசில் அவர் அம்மா கூட்டிக்கொண்டு போன ஊர்வலம் அது. அதே மாதிரிதான் எங்கள் அறையும். கிரீடம் கண்ணுக்கு முன்னால் இருந்தது, பார்த்தது பெண்ணை. இதை மாமாவிடம் அன்றே சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

2018 மே 19 சனிக்கிழமை, சின்னவன் ஹாரியின் கல்யாணம். பாட்டி அப்போது இல்லை. சித்தி இருந்தாள். அம்மாவின் தங்கை. 2011-ல் அவள் புருஷன் வீட்டில் இருந்தாள், பிறகு அது முறிந்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள், வழக்கு முடிந்து பேப்பரும் கைக்கு வந்திருந்தது. அன்று ரிமோட் மாமா கையில். கர்நாடகாவில் நாலு மணிக்கு நம்பிக்கை வாக்கெடுப்பு, எடியூரப்பா இருப்பாரா போவாரா என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது. வாக்கெடுப்புக்கு முன்பே அவர் ராஜினாமாவை அறிவித்துவிட்டார். விண்ட்சரில் கல்யாணம் நம்ம நேரம் நாலரைக்கு, ரிமோட் எங்களிடம் வந்துவிட்டது.

மேகனுக்கு அது இரண்டாவது கல்யாணம். மாப்பிள்ளையைவிட மூன்று வயசு மூப்பு வேறு. சித்தி அதை அன்றுதான் தெரிந்துகொண்டாள். "ரெண்டாம் கெட்டா? சர்ச்சுலயா? எல்லாரும் பாக்கவா?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் மறுகல்யாணம் என்றால் விடியற்காலையில் ஏதாவது ஒரு கோவிலில், பத்துப் பேருக்குள், போட்டோக்காரர் கூட இல்லாமல் முடித்துவிடுவார்கள். அங்கேயும் ஒரு காலத்தில் இது லேசுப்பட்ட விஷயம் இல்லை என்று சொன்னேன். விவாகரத்து ஆன பெண்ணைக் கட்ட வேண்டும் என்பதற்காக எட்டாம் எட்வர்டு 1936-ல் பட்டத்தையே விட்டார். ராணியின் தங்கை மார்கரெட் 1955-ல் விவாகரத்து ஆனவரைக் கட்ட முடியாமல் விலகிக்கொண்டார். 2005-ல் சார்லஸும் கமிலாவும் கட்டியதுகூட பதிவுத் திருமணம்தான், கோயிலில் ஆசீர்வாதம் மட்டும். சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மூன்று தலைமுறை ஆகியிருக்கு அவங்களுக்கு, என்றாள்.

பெண் தனியாகவே நடந்து வந்தாள். அவளுடைய அப்பா வரவில்லை, இதய சிகிச்சை என்று செய்தி. பாதி தூரம் வந்ததும் சார்லஸ் சேர்ந்துகொண்டார். பெண் பக்கத்தில் சொந்தம் என்று ஒரே ஒருத்தர், அம்மா டோரியா, தனியாக உட்கார்ந்திருந்தார். "மூக்குத்தி போட்டிருக்கா!" என்று மாமி முதலில் கண்டுபிடித்தாள். ஆமாம், சின்ன மூக்குத்தி. அந்த நிமிஷத்திலிருந்து டோரியா எங்கள் ஆள். பெண்ணின் முக்காட்டில் காமன்வெல்த் நாடுகள் 53-க்கும் ஒவ்வொரு பூ தைத்திருந்தார்கள், நமக்குத் தாமரை, அதை எல்லாரும் தேடினோம், டிவியில் தெரியவில்லை. அமெரிக்கப் பாதிரியார் மைக்கேல் கரியின் பிரசங்கம் நீண்டது, டீச்சர் மட்டும் கண்ணை எடுக்காமல் கேட்டார், அன்பைப் பற்றி இவ்வளவு சத்தமாக அந்தக் கோயிலில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்றார். பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போகும்போது சார்லஸ் கையை நீட்டி டோரியாவை அழைத்துக்கொண்டு போனார். "சம்பந்திய மதிக்குகாரு" என்றாள் அம்மா. அந்த ஒரு செயலுக்காக எங்கள் வீட்டில் அவருக்கு 1981 முதல் சேர்ந்திருந்த கோபத்தில் பாதி குறைந்தது, மீதி இன்றும் இருக்கிறது.

சித்தி மட்டும் ஒன்றும் பேசாமல் டோரியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "இத்தன பேருக்கு நடுவுல இந்தப் பெண்ணுக்கு ஆளா இருக்கது அம்மை ஒருத்தி மட்டும்தான். அவளும் நாளைக்கு ஊருக்குப் போயிருவா" என்றாள். வழக்கு நடந்த நாட்களில் சித்தியோடு நீதிமன்றத்துக்குப் போனது என் பாட்டி மட்டும்தான். ஆண்கள் யாரும் போகவில்லை.

2020 ஜனவரியில் ஹாரியும் மேகனும் அரச கடமைகளை விட்டு விலகுவதாக அறிவித்தார்கள். 2021 மார்ச்சில், அமெரிக்க டிவியில் ஓப்ரா அவர்களை எடுத்த பேட்டி வந்தது. உயிரோடு இருக்க விருப்பமில்லாமல் போன நாட்களைப் பற்றி மேகன் பேசியபோது, அந்தப் பெண்ணுக்கு ஆள் இல்லை என்று சித்தி அன்றைக்கே சொன்னது எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. வாயைப் பிளந்து பார்த்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது. உலகமே பூவையும் உடையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சாயங்காலத்தில், தக்கலையில் உட்கார்ந்து பார்த்த ஒரு பெண்ணுக்குப் பெண்வீட்டுப் பக்கம் காலியாக இருந்தது கண்ணில் பட்டது.

பேட்டிக்குப் பிறகு வீட்டில் இரண்டு கட்சி. அம்மா ஹாரியை மன்னிக்கவே இல்லை. தாயில்லாமல் வளர்ந்த அண்ணனும் தம்பியும், பெட்டிக்குப் பின்னால் ஒன்றாக நடந்தவர்கள், என்ன மனஸ்தாபம் இருந்தாலும் அண்ணனைத் தனியாக விட்டுவிட்டுக் கடல் தாண்டலாமா என்று கேட்பாள். 2023 மே மாதம் சார்லஸ் முடிசூட்டு விழாவை டிவியில் காட்டியபோது ஹாரி மனைவி இல்லாமல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பாவம் என்றும் சொன்னாள், இவனாகத் தேடிக்கொண்டது என்றும் சொன்னாள். சித்தி விடவில்லை. "வெளிய வரணும்னு அவ சொன்னப்பம் அவளுக்க மாப்பிளயும் கூட வந்தானே. அதாக்கும் பெரிய காரியம். நான் சொன்னப்பம் யாரு வந்தா?" அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை, ஆனால் தன் கட்சியை மாற்றிக்கொள்ளவும் இல்லை. நான் சித்தி பக்கம்.